அரசனை நம்பி புருஷனைக் கைவிடாதீங்க: கையில ஹெச்-4, வேலை டிபிஎஸ் கார்டுல

வாசகர் கேள்வி:

மேடம், நான் மதுரைக்காரன், கார்கிவ்ல இன்ஜினியரிங் படிச்சேன், அங்கயே காதல், 2021ல கல்யாணம். இப்போ அமெரிக்காவுல ஆஸ்டின்ல ஹெச்1பிங்கற வேலை விசாவுல வேலை பாக்கறேன். மனைவி உக்ரைன் பாஸ்போர்ட், பொறந்து வளர்ந்ததும் கார்கிவ்லதான். போர் ஆரம்பிச்சதும் போலந்து போய், வார்சால ஹெச்-4ங்கற, ஹெச்1பிக்காரர் குடும்பத்துக்கான விசா ஸ்டாம்ப் வாங்கி 2023 மார்ச்ல இங்க வந்தா. அந்த வருஷக் கடைசியில டிபிஎஸ், அதாவது போர் மாதிரி ஆபத்து இருக்கற நாட்டுக்காரங்களுக்கு அமெரிக்கா குடுக்கற தற்காலிகப் பாதுகாப்பு, அதுக்குப் போட்டோம், அப்ரூவ் ஆகி ஈஏடிங்கற வேலை அனுமதி கார்டும் வந்துச்சு. இப்போ ஒரு பல் டாக்டர் கிளினிக்ல ஃப்ரண்ட் டெஸ்க் வேலை கிடைச்சிருக்கு. சேர்ந்த அஞ்சாவது நாள் மேனேஜர் கூப்பிட்டு, நீ ஹெச்-4ல இருக்க, ஹெச்-4 ஈஏடி இருந்தா காட்டு, இல்லன்னா வேலை தர முடியாதுங்கறாங்க. எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு அண்ணன், டிபிஎஸ்ல ஒரு நாள் வேலை பாத்தாக்கூட ஹெச்-4 காலின்னு பயமுறுத்தறார். எங்க கம்பெனி லாயர் ஆபீஸ்ல, டிபிஎஸ்தான் இருக்கே, ஹெச்-4 எக்ஸ்டென்ஷனுக்கு எதுக்கு தண்டச் செலவுன்னு கேக்கறாங்க. எனக்கு செப்டம்பர்ல ஹெச்1பி எக்ஸ்டென்ஷன் வருது. அவ அம்மா கிராகோவ்ல இருக்காங்க, ஒரு தடவை போய் பாத்துட்டு வரணும்னு அழறா. கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்மை கம்பெனி ஆரம்பிச்சிருக்கு, ஆனா இந்தியாவுல பொறந்தவங்க வருஷக்கணக்கா காத்திருக்கற லைனை நினைச்சா எனக்கு அதுல ஆர்வமே போயிடுச்சு. என்ன பண்றது?

பதில்:

தம்பி, முதல்ல உங்க வீட்டம்மாவை நாளைக்கே வேலைக்குப் போகச் சொல்லுங்க. அந்தக் கார்டு செல்லுபடியா இருக்கற வரைக்கும் அவங்க பாக்கறது சட்டப்படியான வேலை, அதுல சந்தேகமே வேண்டாம். மிச்சத்தை ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், காபி எடுத்துட்டு உக்காருங்க.

டிபிஎஸ்ங்கறது அமெரிக்க அரசு அறிவிச்ச நாடுகளோட பிரஜைகளுக்குக் கிடைக்கிறது, நம்ம இந்தியாவுக்கும் இல்ல, இலங்கைக்கும் இல்ல, அதனால நம்ம ஆளுங்க குரூப்ல இதைப் பத்தி அனுபவத்துல பேசறவங்க ரொம்பக் கம்மி. உங்களை மாதிரி வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டினவங்க, யாங்கோன்ல பொறந்து பர்மா பாஸ்போர்ட் வச்சிருக்கற தமிழ் குடும்பங்க, இப்படி சில பேர்தான் என்கிட்ட இந்தக் கேள்வியோட வருவாங்க. உங்க குரூப் அண்ணன் சொல்றது அவருக்குத் தெரிஞ்ச வேற ஒரு கதையா இருக்கும், ஹெச்1பியில இருக்கறவன் கிரீன் கார்டு ஈஏடியை வச்சு வேற கம்பெனிக்குப் போனா அவனோட ஹெச்1பி போயிடும், அது உண்மை. ஏன்னா ஹெச்1பியே அந்தக் கம்பெனியில அந்த வேலை பாக்கறதுக்குக் குடுத்தது. ஹெச்-4 அப்படியா? அது உங்களோட குடும்பமா இருக்கறதுக்குக் குடுத்தது. உங்க ஹெச்1பி உயிரோட இருக்கணும், கல்யாணம் நிலைச்சிருக்கணும், எதுவரைக்கும் தங்கலாம்னு உள்ள வர்றப்போ போடற ஐ-94 பதிவுல இருக்கற தேதி தாண்டக்கூடாது, அனுமதி இல்லாம வேலை பாக்கக்கூடாது. கடைசியா சொன்னதுல "அனுமதி இல்லாம"ங்கற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கங்க.

ஊர்ல காலேஜ் பையன் ஒருத்தன் சாயங்காலம் ஸ்விக்கி ஓட்டறான்னு வைங்க. காலேஜ் ஐடி கார்டு வண்டி ஓட்ட அனுமதி தரல, லைசென்ஸ் தருது. அவன் வண்டி ஓட்டினதால காலேஜ்ல பேர் அடிச்சிடுவாங்களா? அதே கதைதான் இங்கயும், ஹெச்-4 வேலைக்கு அனுமதி தரல, டிபிஎஸ் தருது. குடிவரவுச் சட்டம் 244வது பிரிவுலயே டிபிஎஸ் குடுத்தா வேலை அனுமதியும் சேர்த்துக் குடுக்கணும்னு இருக்கு, அதே பிரிவுலயே இன்னொண்ணும் இருக்கு, டிபிஎஸ் வாங்கறதுக்காக ஏற்கெனவே இருக்கற நான்-இமிக்ரன்ட் ஸ்டேட்டஸை, அதாவது ஹெச்-4 மாதிரி தற்காலிக விசா நிலையை, விட்டுக்குடுன்னு யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட ஒரே நேரத்துல இருக்கலாம்னு சட்டம் எழுதினவங்களே நினைச்சிருக்காங்க. இதுல என்னைவிட பயந்த சுபாவம் உள்ள லாயர்களும் உண்டு, வேலை பாக்கற நிமிஷத்துல அவங்க டிபிஎஸ்லதான் இருக்காங்க, ஹெச்-4 தூங்குதுன்னு சொல்றவங்க. நான் அதை ஏத்துக்கல, ஆனா நாளைக்கு ஒரு ஆபீசர் அப்படி நினைச்சாலும் மாட்டிக்காத மாதிரி பேப்பரை ரெடி பண்ணணும்னு சொல்லுவேன், அது எப்படின்னு கீழ வருது.

மேனேஜர் விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்சு இது இப்படித்தான் நடந்திருக்கும்: வேலைக்குச் சேர்றவங்களோட அனுமதியைச் சரிபாக்கற ஐ-9 ஃபார்முக்கு என்னென்ன வேணும்னு தெரியாம உங்க வீட்டம்மா ஈஏடி கார்டு, பாஸ்போர்ட், ஹெச்-4 அப்ரூவல் பேப்பர், மேரேஜ் சர்டிபிகேட் வரைக்கும் ஒரு ஃபைலையே கொண்டு போய் வச்சிருப்பாங்க. நம்ம வீட்டு வாசனை ஒட்டிக்கிச்சு போல, எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் காட்டறது நம்ம பழக்கம். ஈஏடி கார்டு ஐ-9ல லிஸ்ட் ஏ டாக்குமென்ட், அது ஒண்ணே போதும், ஆள் யாருங்கறதையும் வேலை அனுமதியையும் சேர்த்தே காட்டிடும். கார்டுல கேட்டகிரின்னு ஒரு எழுத்தும் நம்பரும் இருக்கும் பாருங்க, டிபிஎஸ் அப்ரூவ் ஆனவங்களுக்கு ஏ12, அப்ளிகேஷன் நிலுவையில இருக்கறப்போ குடுத்ததுன்னா சி19. ஹெச்-4 ஈஏடின்னா அது சி26, அது வேற கதை, பெரும்பாலும் கம்பெனி உங்களுக்காகப் போடற கிரீன் கார்டு மனுவான ஐ-140 அப்ரூவ் ஆன பிறகுதான் அதுக்கே வழி பிறக்கும். மேனேஜருக்கு இந்த நம்பர் எதுவும் தேவையில்ல. எந்தக் கார்டைக் காட்டணும்னு முடிவு பண்றது வேலைக்குச் சேர்றவங்க, பார்வைக்கு நிஜமான கார்டா இருந்தா முதலாளி வாங்கிக்கணும், இதுதான் வேணும்னு ஒரு குறிப்பிட்ட கார்டை வற்புறுத்தறதையே சட்டம் தடுக்குது. நேரா சண்டைக்குப் போகாம, குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் வெளியிட்டிருக்கற ஐ-9 கையேட்டுல லிஸ்ட் ஏ பக்கத்தை பிரின்ட் எடுத்து, "இந்தக் கார்டு டிபிஎஸ் வழியா வந்தது, ஹெச்-4க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு ரெண்டு வரி மெயிலோட அனுப்பச் சொல்லுங்க. சின்ன கிளினிக்ல பெரும்பாலும் தெரியாமத்தான் பண்ணுவாங்க, இதுலயே தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடும். அதுக்கும் மசியலன்னா அமெரிக்க நீதி இலாகாவுல இமிக்ரன்ட் அண்ட் எம்ப்ளாயீ ரைட்ஸ் செக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, அவங்க ஹாட்லைன்ல கூப்பிட்டா முதலாளிக்கே போன் போட்டு விளக்குவாங்க, காசு கிடையாது.

ஆமா, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வாங்கிட்டீங்களா? இதுவரைக்கும் டாக்ஸுக்கு ஐடிஐஎன்ங்கற மாற்று நம்பரைப் போட்டுட்டு இருந்தீங்கன்னா, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வந்ததும் வரித்துறையான ஐஆர்எஸ்க்கு எழுதி பழசை மூடச் சொல்லுங்க, ரெண்டையும் ஓட்டக்கூடாது.

இப்போ உங்க கம்பெனி லாயர் ஆபீஸ் சொன்ன தண்டச் செலவு. எனக்கு உண்மையிலயே கோபம் வந்த இடம் இதுதான். அவங்க கம்பெனிக்கு லாயர், உங்க வீட்டுக்கு லாயர் இல்ல, அதை ஞாபகம் வச்சுக்கங்க. ஹெச்-4 எக்ஸ்டென்ஷனுக்குப் போடற ஐ-539 ஃபார்ம் ஃபீஸ் ஆன்லைன்ல 420 டாலர், பேப்பர்ல 470. இந்தக் காசை மிச்சம் பிடிக்கிறதுக்காக ஹெச்-4ஐ விட்டா, அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதைதான், இதைவிடப் பொருத்தமா அந்தப் பழமொழிய நான் வேற எங்கயும் பாத்ததில்ல, ஹெச்-4ங்கறது புருஷன் வழியா வர்றது, டிபிஎஸ் அரசன் மனசு வச்சாத்தான்.

அரசன் மனசு எப்படி மாறும்னு 2025ல எல்லாரும் பாத்தோம். வெனிசுலாக்காரங்களுக்கு ஜனவரியில நீட்டிப்பு குடுத்தாங்க, ஆட்சி மாறினதும் பிப்ரவரியிலயே அதை ரத்து பண்ணாங்க, கீழ் கோர்ட்டு தடுத்துச்சு, மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு தடையை எடுத்துடுச்சு, கிட்டத்தட்ட மூணரை லட்சம் பேர் காலடியில இருந்து தரை உருவப்பட்ட மாதிரி ஆச்சு. உக்ரைனுக்கு 2022 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, 2023ல புதுசா சேர்த்தாங்க, அப்போ 2023 ஆகஸ்ட் 16க்குள்ள வந்து இங்கயே இருந்தவங்களுக்குன்னு கோடு போட்டாங்க, உங்க வீட்டம்மா மார்ச்லயே வந்ததால உள்ள வந்துட்டாங்க. 2025 ஜனவரியில போட்ட நீட்டிப்பு 2026 அக்டோபர் 19 வரைக்கும். தேதி முடியறதுக்கு 60 நாள் முன்னாடி, அதாவது ஆகஸ்ட் 20 வாக்குல, நீட்டிக்கறாங்களா நிறுத்தறாங்களான்னு முடிவு பண்ணணும், ஒண்ணும் சொல்லாம விட்டா குறைஞ்சது ஆறு மாசம் தானா நீளும், இதுதான் சட்டம். உங்க ஹெச்1பி எக்ஸ்டென்ஷன் செப்டம்பர்லன்னு எழுதியிருக்கீங்க, பாருங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு பக்கத்துல விழுதுன்னு.

டிபிஎஸ் முடிஞ்சா என்ன ஆகும்? அதுக்கு முன்னாடி என்ன ஸ்டேட்டஸ்ல இருந்தீங்களோ அதுக்குத் திரும்பிடுவீங்க, ஆனா அது இன்னும் காலாவதி ஆகாம இருந்தா மட்டும்தான். ஹெச்-4 உயிரோட இருந்தா மறுநாள் காலையில அவங்க வேலையை மட்டும் விட்டுட்டு உங்க ஹெச்-4 மனைவியா வீட்ல நிம்மதியா இருக்கலாம். இல்லன்னா அன்னிக்கே சட்டவிரோதமா தங்கறவங்க.

என்கிட்ட ஒரு நேபாளப் பொண்ணு வந்தாங்க. 2015 நிலநடுக்கத்துக்கப்புறம் நேபாளத்துக்கு டிபிஎஸ் குடுத்தப்போ வாங்கினவங்க, புருஷன் நம்ம இந்தியர், ஹெச்1பி. அப்போ பாத்த ஒருத்தர் இதே மாதிரி, டிபிஎஸ் இருக்கே ஹெச்-4 எதுக்குன்னு சொல்லி, புருஷனுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டு இவங்களுக்குப் போடாம விட்டுட்டார். 2018 ஏப்ரல்ல நேபாள டிபிஎஸ்ஸை 2019 ஜூனோட முடிக்கப் போறோம்னு அறிவிப்பு வந்துச்சு. அந்தம்மா என் ஆபீஸ்ல உக்காந்து, பழைய ஐ-94 பேப்பரை கையில வச்சு மடிச்சு மடிச்சு அதுல கோடே விழுந்துடுச்சு, "மேடம் இந்தத் தேதி எப்பவோ போயிடுச்சே"ன்னு அதையே திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருந்தாங்க. நல்லவேளை, 244வது பிரிவுல இன்னொரு வரி இருக்கு, டிபிஎஸ் இருக்கற காலத்துல ஸ்டேட்டஸ் மாத்தறதுக்கும் இங்க இருந்துட்டே கிரீன் கார்டுக்கு மாறற அட்ஜஸ்ட்மென்ட்டுக்கும் அவங்களை சட்டப்படி நான்-இமிக்ரன்ட் ஸ்டேட்டஸ்ல இருந்த மாதிரியே பாக்கணும்னு. அதைப் பிடிச்சு, எக்ஸ்டென்ஷன்னு கேக்காம டிபிஎஸ்ல இருந்து ஹெச்-4க்கு மாத்தறோம்னு போட்டோம், கிடைச்சுது. அந்த டிபிஎஸ்ஸையும் அப்புறம் கோர்ட்டு கேஸால பல வருஷம் தள்ளி வச்சாங்க, அது வேற விஷயம். அந்த எட்டு மாசம் அந்தக் குடும்பம் தூங்கலங்கறதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு 420 டாலர்ல முடியற வேலைக்கு அவங்க குடுத்த விலை அது.

அதனால உங்க ஹெச்1பி எக்ஸ்டென்ஷன் போகும்போதே அவங்களோட ஐ-539ம் கூடவே போகணும். அதுல ஒரு கேள்வி வரும், கடைசியா அனுமதி வாங்கினதுல இருந்து அமெரிக்காவுல வேலை பாத்திருக்கீங்களான்னு. நம்ம ஆளுங்க பயத்துல இங்கதான் "நோ" போடறாங்க! கையோட டபிள்யூ-2ங்கற வருஷச் சம்பள ஃபார்ம் இருக்கும், சம்பளம் பேங்க்ல விழுந்திருக்கும், ஆனா ஃபார்ம்ல நோ. வேலை பாத்தது தப்பே இல்ல, பொய் சொன்னது ஆயுசுக்கும் துரத்தற தப்பு, விசா, கிரீன் கார்டு எல்லாத்துக்கும் வாசல்லயே நிக்கும். "யெஸ்" போடுங்க, கிளினிக் பேர், அட்ரஸ், வாரச் சம்பளம், எந்த அனுமதியில பாத்தாங்கன்னு எழுதுங்க, ஈஏடி கார்டு ரெண்டு பக்கமும், டிபிஎஸ் அப்ரூவல் நோட்டீஸும் வைங்க. கூட ஒரு சின்ன லெட்டர், எக்ஸ்டென்ஷனா குடுங்க, ஆபீசருக்கு அதுல ஏதாவது சந்தேகம்னா டிபிஎஸ்ல இருந்து ஸ்டேட்டஸ் மாற்றமா எடுத்துக்கங்கன்னு. பேப்பரை ரெடி பண்ணணும்னு மேல சொன்னேனே, அது இதுதான்.

போற போக்குல ஐ-94ஐயும் ஒரு தடவை ஆன்லைன்ல எடுத்துப் பாருங்க. ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் முடியற தேதி வரைக்கும்தான் ஐ-94 போடுவாங்க, விசா இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும். போர்ல பாஸ்போர்ட் புதுப்பிக்காம வந்தவங்க பல பேர் இதுல விழுந்திருக்காங்க. அதே மாதிரி டிபிஎஸ்ஸும் தானா ஓடாது, ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ரீ-ரெஜிஸ்டர் பண்ணணும், 2025ல ஜனவரியில இருந்து மார்ச் 18 வரைக்கும் விண்டோ இருந்துச்சு, அதுல போட்டீங்களா? கடிதத்துல எழுதல. போடலன்னா இன்னிக்கே எனக்கு இல்ல வேற யாருக்காவது போன் பண்ணுங்க, தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டணும். 2025 ஜூலைல வந்த சட்டத்துக்கப்புறம் புதுசா குடுக்கற டிபிஎஸ் ஈஏடி ஒரு வருஷத்துக்கு மேல வர்றதில்ல, ஃபீஸும் ஏறிடுச்சு, கார்டு தேதியை காலண்டர்ல போட்டு வைங்க.

கிராகோவ் பயணம். பொண்ணு அம்மாவைப் பாக்கணும்னு அழறதை வேண்டாம்னு சொல்ல மனசு வரல, ஆனா அவசரப்பட்டு டிக்கெட் போடாதீங்க. டிபிஎஸ்ல இருக்கறவங்க வெளிய போகணும்னா முன்கூட்டி அனுமதி வாங்கணும், ஐ-131 போட்டா ஐ-512டின்னு ஒரு பேப்பர் வரும். அது இல்லாம ஹெச்-4 ஸ்டாம்ப்பை மட்டும் நம்பிப் போனா திரும்ப ஹெச்-4ல உள்ள வரலாம், டிபிஎஸ் கை நழுவலாம், அதோட வேலையும். அந்தப் பேப்பரைக் காட்டி உள்ள வந்தா டிபிஎஸ்லதான் அனுமதிப்பாங்க, அப்போ ஹெச்-4 நழுவும். நான் சொல்றது, ஐ-131 போட்டு பேப்பர் கைக்கு வந்த பிறகு, செல்லுபடியாகற ஹெச்-4 ஸ்டாம்ப்பும் இருந்தா, ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, திரும்பும்போது கவுண்டர்ல ஹெச்-4 விசாவை நீட்டுங்க, உள்ள வந்ததும் ஐ-94ல ஹெச்-4ன்னு விழுந்திருக்கான்னு அன்னிக்கே பாருங்க. ஸ்டாம்ப் முடிஞ்சிருந்தா அங்கயே புதுசா இன்டர்வியூ குடுத்துத்தான் வாங்கணும், ஸ்லாட் எப்போ கிடைக்கும்னு யாராலும் சொல்ல முடியாது, அக்டோபர் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த ரிஸ்க் வேண்டாம். அம்மாவை இங்க விசிட்டர் விசாவுல கூப்பிடறதும் இப்போ சுலபம் இல்லதான். எதுக்கும் ஐ-131ஐ இப்பவே போட்டு வைங்க, அவசரம்னு வந்தா அப்போ ஓடக்கூடாது.

உங்க வேலை போனா என்னன்னு நீங்க கேக்கல, நான் சொல்லிடறேன். உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள் கிரேஸ், அவங்க ஹெச்-4ம் அதே படகுலதான். ஆனா அவங்க டிபிஎஸ் உங்களை நம்பி இல்ல, அவங்க பாட்டுக்கு இருக்கலாம், வேலை பாக்கலாம். அதுக்காக உங்களுக்கு அவங்க மூலமா டிபிஎஸ் வராது, அதுல டிபென்டன்ட்டே கிடையாது.

கடைசியா, நீங்க ஆர்வமே இல்லாம ஒரு வரியில எழுதிட்டுப் போன விஷயம், எனக்கு உங்க கடிதத்துல முக்கியமா பட்டது அதுதான். இந்தியா லைனை நினைச்சுக் கவலைப்படறீங்க, ஆனா நீங்க அந்த லைன்ல நிக்கணும்னு யார் சொன்னா? ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம்ங்கற கோட்டாவை பாஸ்போர்ட்டை வச்சுப் பாக்கறதில்ல, பொறந்த இடத்தை வச்சுப் பாக்கறாங்க. அதுல ஒரு விலக்கு உண்டு, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கிரீன் கார்டு வாங்கறப்போ ரெண்டு பேர்ல யார் பொறந்த நாடு வசதியோ அந்தக் கணக்குல ரெண்டு பேரையும் எடுத்துக்கலாம், குடும்பம் பிரியக்கூடாதுன்னு போட்ட விதி. கிராஸ் சார்ஜபிலிட்டின்னு சொல்லுவாங்க. அவங்க கார்கிவ்ல பொறந்தவங்க, அப்போ நீங்க மதுரையில பொறந்திருந்தாலும் உக்ரைன் கணக்குல போகலாம், பத்து வருஷத்துக்கு மேல பின்னாடி நிக்கற இந்தியா லைனோட அதை ஒப்பிடவே முடியாது. உங்க கம்பெனி லாயருக்கு உங்க மனைவி பொறந்த ஊர் தெரியுமா? இந்தியர் பேரைப் பாத்ததும் இந்தியான்னு டிக் அடிச்சுட்டுப் போயிருப்பாங்க. பெர்மை துரத்துங்க, வாரா வாரம் மெயில் போடுங்க, ஐ-140 வந்ததும் இந்த சார்ஜபிலிட்டி விஷயத்தை எழுத்துல கேளுங்க. இதுக்கு அவங்க உங்ககூடவே சேர்ந்து கிரீன் கார்டு அப்ளிகேஷனான ஐ-485 போடணும், அதுக்கும் ஹெச்-4 சுத்தமா ஓடிட்டு இருந்தா ஒரு கேள்வியும் வராது.

இதுக்கெல்லாம் அவங்க பர்த் சர்டிபிகேட் வேணும். போர்ல கார்கிவ்ல இருந்து கிளம்பறப்போ அதை எடுத்துட்டு வந்தாங்களா, இல்ல அம்மாகிட்ட கிராகோவ்ல இருக்கா? கேட்டுச் சொல்லுங்க. அம்மாகிட்ட இருந்தா தபால்ல அனுப்பச் சொல்லாதீங்க, யாராவது வர்றவங்க கையில குடுத்து விடச் சொல்லுங்க.